கையைத் தாங்குவது எது? – வாசகர் கேள்வி-பதில்

தோள், கை, விரல் எலும்புகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். எக்ஸ்-ரேயைப் போட்டோ எடுத்து அனுப்பி "இது முறிவா, இல்லையா?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். கையைத் தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து நான் எதைச் சொன்னாலும் அது ஜோசியம்தான். பக்கத்தில் இருக்கும் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி, திருவாரூர்: ஒரு கையில் 30 எலும்பு என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது, 32 என்று இன்னொன்றில் இருக்கிறது. பரீட்சையில் எதை எழுதுவது?

இரண்டுமே சரிதான் பாப்பா, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். மேற்கையில் 1, முன்கையில் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 (கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற விரல்களுக்கு மூன்று மூன்று), ஆக மொத்தம் 30. முன்னால் இருக்கும் காறை எலும்பையும் பின்னால் இருக்கும் தோள்பட்டை எலும்பையும் சேர்த்தால் 32. இரண்டு பக்கமும் 64. உடம்பில் இருப்பதே 206 என்னும்போது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கைகளே எடுத்துக்கொள்கின்றன. கேள்வியில் தோள் எலும்புகளையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுது.

பரீட்சையில் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தொண்டைக்குழியில் விரலை வை, இரண்டு பக்கமும் மொட்டு மாதிரி ஒரு மேடு தட்டுப்படும். விரலை எடுக்காமல் தோளைக் குலுக்கிப் பார், அந்த மேடு நகரும். காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் மூட்டு அது. நம் கை முழுவதும் உடம்போடு எலும்புக்கு எலும்பு சேருவது அந்த ஒரே இடத்தில்தான். முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு விலாவோடு ஒட்டியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு மூட்டே கிடையாது, 2ஆம் விலாவிலிருந்து 7ஆம் விலா வரை உள்ள பகுதியின் மேல் தசைகளுக்கு நடுவே அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு இருக்கிறது. கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கும்போது ஆகும் 180 டிகிரியில் சுமார் 120 தோள் மூட்டின் வேலை, மீதி 60 இந்த எலும்பு விலாவின் மேல் சுழல்வதால் கிடைப்பது. கை நாலாபக்கமும் போகவேண்டும் என்பதற்காக உறுதியை விட்டுக்கொடுத்து அமைந்த ஏற்பாடு இது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த விட்டுக்கொடுத்தலால் வந்தவைதான்.

வாசகி, விழுப்புரம்: மகன் பைக்கிலிருந்து விழுந்து காறை எலும்பு உடைந்துவிட்டது. எக்ஸ்-ரேயில் இரண்டு துண்டாகவே தெரிகிறது. ஆனால் டாக்டர் மாவுக்கட்டு கூடப் போடாமல், கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி அனுப்பிவிட்டார். சரியாகத்தான் பார்க்கிறாரா?

சரியாகத்தான் பார்க்கிறார். காறை எலும்புக்கு மாவுக்கட்டு போட வழியே இல்லைம்மா. மூச்சு விட்டாலே நெஞ்சு அசையும், எதைப் பிடித்துக் கட்டுவது? கை எடையை அந்தக் கழுத்துப் பட்டை (ஸ்லிங்) வாங்கிக்கொண்டால் போதும், பெரும்பாலான முறிவுகள் தானாகக் கூடிவிடும். முன்பெல்லாம் இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்து 8 போலக் கட்டுவார்கள். ஸ்லிங்கைவிட அதனால் பெரிதாக ஒன்றும் நன்மை இல்லை, அக்குளில் உறுத்தல்தான் மிச்சம் என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது.

விழும்போது அடி தோளில் படும், அந்த வேகம் நெஞ்சுக்குப் போக ஒரே பாதை இந்த எலும்புதான். 'எஸ்' எழுத்துப் போல வளைந்திருப்பதால் நடுவில் மெலிந்த இடத்தில் முறிகிறது. பிரசவத்தில் தோள் சிக்கினால் குழந்தைக்கு முறிவதும் இதே எலும்புதான், அது இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும்.

உடைந்த முனை தோலைக் குத்திக்கொண்டு நின்றாலோ, துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று 2 செ.மீ.க்கு மேல் ஏறிக்கொண்டாலோ, கை மரத்துப்போனாலோ ஆபரேஷன் பற்றிப் பேசவேண்டும். அதெல்லாம் இல்லாவிட்டால் 6 முதல் 12 வாரம் பொறுமையாக இருங்கள். கூடிய இடத்தில் ஒரு முண்டு தங்கலாம், அதை எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கரைக்கப் பார்க்க வேண்டாம். பையன் பைக் சாவியைக் கேட்பான், அதற்கு என்ன பதில் சொல்வது என்பது உங்கள் பாடு.

கபடி வீரர், ஒட்டன்சத்திரம்: 19 வயது. இரண்டு வருடத்தில் வலது தோள் மூட்டு பலமுறை இறங்கிவிட்டது. டீமில் ஒரு அண்ணன் கையை இழுத்து உள்ளே போட்டுவிடுவார், அடுத்த வாரம் ஆடப் போய்விடுவேன். இப்போது சட்டை மாட்டும்போதே நழுவுகிறது. ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

தம்பி, முதலில் அந்த அண்ணனை நிறுத்தச் சொல்லுங்கள். கெட்ட எண்ணம் இல்லைதான், ஆனால் எக்ஸ்-ரே இல்லாமல் இழுப்பது சூதாட்டம். நழுவும்போதே மேற்கை எலும்பின் தலையில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தால், இழுக்கிற இழுப்பில் அந்தத் தலைக்குக் கீழே உள்ள எலும்பின் கழுத்துப் பகுதியே முறிந்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. தோளுக்குக் கொஞ்சம் கீழே, மேற்கையின் வெளிப்பக்கத்தில், உள்ளங்கையளவு இடம் மரத்திருக்கிறதா என்று மூட்டை உள்ளே போடுவதற்கு முன்னும் பின்னும் தொட்டுப் பார்க்கவேண்டும். கையைப் பக்கவாட்டில் தூக்கும் தசைக்குப் போகிற நரம்பு மூட்டின் அடியிலேயே சுற்றிக்கொண்டு போகிறது, அது இழுபட்டிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். மைதானத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஒரு அகல் விளக்கின் மேல் டென்னிஸ் பந்தை வைத்தால் எப்படி இருக்கும், தோள் மூட்டு அப்படித்தான். தோள்பட்டை எலும்பில் இருக்கிற குழி அவ்வளவு ஆழமில்லாதது, பந்து போன்ற எலும்புத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஒரு நேரத்தில் அதில் உட்காராது. அந்தக் குறையைச் சமாளிக்கக் குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம், அதற்கு மேல் ஒரு உறை, அதற்கும் மேல் நான்கு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும். முதல் தடவை நழுவும்போதே முன்விளிம்பு வளையம் கிழிந்துபோகும், தலையின் பின்பக்கம் விளிம்பில் மோதி ஒரு பள்ளமும் விழும். இருபது வயதுக்குள் முதல் நழுவல் வந்தவர்களுக்கு மறுபடி வருவது மிகவும் அதிகம், நாற்பதுக்கு மேல் வந்தால் அந்த அளவு இல்லை. ஆனால் அவர்களுக்கு வேறு தொல்லை, அந்த நான்கு தசைகளை எலும்போடு இணைக்கும் நாண் கிழிந்துபோகும்.

உங்கள் விஷயத்தில் பயிற்சி மட்டும் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நழுவலுக்கும் குழியின் முன்விளிம்பு எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சி.டி. ஸ்கேனில் அளப்பார்கள், வளையத்தின் நிலை எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எலும்பு அதிகம் போகவில்லை என்றால் சாவித்துவார முறையில் கிழிந்த வளையத்தைத் தைத்தால் போதும். போய்விட்டிருந்தால் வெறும் தையல் நிற்காது. தோள்பட்டை எலும்பிலேயே முன்பக்கம் கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு துண்டை வெட்டி, விளிம்பில் வைத்து ஸ்குரூ போடுவார்கள். பிரான்சின் லத்தார்ஷே என்ற சர்ஜன் 1954இல் எழுதிய முறை அது, இன்றும் மோதல் விளையாட்டுக்காரர்களுக்கு அதிகம் செய்வது அதைத்தான். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு சீசனும் முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு உங்களைத் தள்ளுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பாயில் இறங்க ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம், அதை இப்போதே கோச்சிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

வலிப்பு வந்த பிறகோ கரண்ட் ஷாக் அடித்த பிறகோ தோள் அசையவில்லை என்றால், அது பின்பக்கமாக நழுவியிருக்கலாம். நேரே எடுத்த எக்ஸ்-ரேயில் அது எளிதில் ஏமாற்றிவிடும், பக்கவாட்டுப் படமும் கேளுங்கள். கபடிக்காரருக்கு இது தேவையில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

வாசகர், காரைக்குடி: இரண்டு வயதுப் பேத்தி ரோட்டில் அடம்பிடித்தாள் என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். அப்போதிருந்து கையை அசைக்கவே இல்லை. டாக்டர் என்னவோ திருப்பினார், 'டக்' என்று சத்தம், பத்து நிமிடத்தில் பொம்மையை எடுத்து விளையாடுகிறாள். என்ன நடந்தது?

முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற ஆர எலும்பின் மேல் முனையை ஒரு வளையத் தசைநார் சுற்றிப் பிடித்திருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அது தளர்வாக இருக்கும், மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டி இழுத்தால் எலும்புத் தலை அதற்குள்ளிருந்து கொஞ்சம் வெளியே வந்து, நார் இடையில் மாட்டிக்கொள்ளும். டாக்டர் செய்தது முன்கையைத் திருப்பி அதை விடுவித்ததுதான். ஐந்து வயதுக்கு மேல் நார் இறுகிவிடும், இந்தத் தொல்லை அநேகமாக வராது. அதுவரை அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள் ஐயா. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஊஞ்சலாட்டுவார்களே, அதுவும் வேண்டாம். ஒருமுறை வந்த குழந்தைக்கு மறுபடியும் வரலாம். இழுபடவில்லை, கீழே விழுந்து கையை அசைக்கவில்லை என்றால் அது வேறு கதை, அப்போது திருப்பிப் பார்க்காமல் எக்ஸ்-ரே எடுக்கவேண்டும்.

வாசகி, ஈரோடு: 6 வயது மகன் சறுக்குமரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ராத்திரி கத்திக் கதறினான். போன் செய்ததும் உடனே கொண்டுவரச் சொல்லி நடு ராத்திரியில் கட்டைப் பிளந்து விட்டார்கள். கட்டு போட்டதே தப்பா? முதலிலேயே புத்தூர் கட்டு கட்டியிருக்கலாம் என்கிறார் என் மாமியார்.

அந்த ராத்திரி போனை எடுத்தவர் உங்கள் பிள்ளையின் கையைக் காப்பாற்றியிருக்கிறார். குழந்தைகளின் கை முறிவுகளில் எலும்பு டாக்டர்கள் பயப்படுவது இதற்குத்தான். மேற்கை எலும்பின் கீழ்முனை குழந்தைகளுக்கு மிகவும் தட்டையாக, மெல்லியதாக இருக்கும். 5 முதல் 7 வயதில் கையை ஊன்றி விழுந்தால் அங்கேதான் முறிகிறது. முறிந்த கூர்முனைக்கு நேர் முன்னால்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

முறிவுக்குப் பிறகு வீக்கம் வரும், முதல் ஒன்றிரண்டு நாளில் அது ஏறிக்கொண்டே போகும். முன்கைத் தசைகளைச் சுற்றி விரிந்துகொடுக்காத ஒரு உறை இருக்கிறது, அதற்கு மேல் வட்டமாக மாவுக்கட்டும் இறுகிவிட்டால் உள்ளே அழுத்தம் கூடிக் கூடித் தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். சில மணி நேரம்தான் அவகாசம். அதைத் தாண்டினால் தசை செத்து, நாராக மாறி, விரல்கள் மடங்கியே நின்றுவிடும், பிறகு எந்த ஆபரேஷனும் பழைய கையைத் தராது. ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் சர்ஜன் 1881இல் இதை விவரித்து எழுதினார், இறுக்கமான கட்டுத்தான் காரணம் என்று அன்றைக்கே சொன்னார்.

இதைப் படிக்கிற எல்லாப் பெற்றோரும் கவனிக்கவேண்டியவை. மருந்து கொடுத்தும் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவதுதான் முதல் அடையாளம். பிள்ளையின் விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்திப் பாருங்கள், அதற்கே அலறினால் காத்திருக்காதீர்கள். விரல் வெளுப்பது, நீலம் பாய்வது, மரத்துப்போவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. நாடி கிடைக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள், நாடி கிடைக்கும்போதே தசை சாகலாம். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள், போட முடியாவிட்டால் நரம்பு அடிபட்டிருக்கலாம். இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அங்கே தோல் தெரியும்வரை பஞ்சையும் சேர்த்துப் பிரிப்பார்கள். துணிக் கட்டாக இருந்தால் வீட்டிலேயே தளர்த்திவிட்டுக் கிளம்புங்கள். ஆகவே, மாவுக்கட்டு போட்டது தப்பில்லை. அதிகம் விலகாத முறிவுக்கு அதுதான் வழி, ஆனால் முதல் நாளில் முழு வட்டமாகப் போடாமல் பின்பக்கம் மட்டும் பட்டை வைத்துக் கட்டுவதையே நான் விரும்புவேன்.

மாமியாருக்கு வருகிறேன். திருப்பதிக்கு அருகே ஆந்திராவில் இருக்கிற புத்தூரில் இலைச்சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது பரம்பரைத் தொழில், தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள். இங்கே ஊருக்கு ஊர் அந்தப் பெயரில் போர்டு தொங்குகிறது, யார் யாரிடம் கற்றார்கள் என்பது வேறு விஷயம். விலகாத முறிவு எந்தக் கட்டுக்கும் கூடும், ஏனென்றால் கூட்டுவது எலும்பேதான். புத்தூர் கட்டுக்கு நல்ல பெயர் அப்படி வந்தது. குழந்தையின் முழங்கை அந்தக் கணக்கில் வராது. கோணலாகக் கூடினால் கை உட்பக்கம் வளைந்து நிற்கும், இறுக்கிக் கட்டினால் மேலே சொன்ன ஆபத்து, அதைவிட மோசம் எண்ணெய் போட்டு உருவி விடுவது. அடிபட்ட முழங்கையை நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, மூட்டு பூட்டிக்கொள்ளும். கட்டு பிரித்த பிறகும் நீவக்கூடாது, பையன் தானாகவே மடக்கி நீட்டட்டும்.

வாசகர், திண்டுக்கல்: மகனுக்கு 15 வயது, பிறப்புச் சான்றிதழ் பக்காவாக இருக்கிறது. கிரிக்கெட் செலக்‌ஷனில் கை எக்ஸ்-ரே எடுத்து, எலும்பு வயது அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சான்றிதழைவிட எக்ஸ்-ரே பெரிதா?

எக்ஸ்-ரேயில் தெரிவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது, எத்தனை பிறந்தநாள் கொண்டாடினான் என்பது அதில் எழுதியிருக்காது. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்பும் குருத்தாகவே இருக்கும், படத்தில் தெரியாது. முதல் சில மாதங்களில் இரண்டு தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் ஒவ்வொன்றாக வந்து, கடைசியாகப் பட்டாணியளவு எலும்பு 9 முதல் 12 வயதில்தான் வரும். அதற்குப் பிறகு விரல்களிலும் ஆர எலும்பின் முனையிலும் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதைப் பார்ப்பார்கள். இடது கையைத்தான் படம் எடுப்பது வழக்கம். க்ரூலிக், பைல் இருவரும் 1950இல் வெளியிட்ட படத்தொகுப்பு அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்தது, அதோடு திண்டுக்கல் பையனை ஒப்பிட்டால் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே வரத்தான் செய்யும். நம் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு டானர்-வைட்ஹவுஸ் என்ற மதிப்பெண் முறையை வைத்திருக்கிறது. பூப்பு சீக்கிரம் வந்த பையன்களுக்கு எலும்பு வயது நிஜ வயதைவிட முன்னால் ஓடும், உங்கள் மகனுக்கு மீசை அரும்பிவிட்டதா என்று பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், சிறார் நீதிச் சட்டம் 2015இன் 94ஆம் பிரிவுப்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. இந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் 2 வருடம் பிழை வரலாம் என்று 1982இலேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அரசாங்கக் கணக்கில் உங்கள் பையனுக்கு 15 தான், யாரும் அதை மாற்ற முடியாது. விளையாட்டுச் சங்கத்தின் விதி வேறு, பொய்ச் சான்றிதழ்கள் மலிந்ததால் வைத்தது அது. கால்பந்தில்கூட 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து ஃபிஃபா மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. பார்க்கிறது. மறுபரிசீலனைக்கு வழி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் பெரிய பையன்களோடு ஆடட்டும், உடம்பு அதற்குத் தயார் என்றுதான் அந்தப் படம் சொல்கிறது.

மணிக்கட்டு முழுவதும் மூடிய பிறகு வயதை மதிப்பிடக் காறை எலும்பின் உள்முனையைப் பார்ப்பார்கள். கருவில் 5, 6 வாரத்திலேயே முதலில் எலும்பாகத் தொடங்குகிற அது, இருபது வயதைத் தாண்டும்வரை முழுதாக முடிவதில்லை.

வாசகி, மதுரை: 53 வயது, சர்க்கரை உண்டு. ஆறு மாதமாக இடது தோளில் வலி. ரவிக்கை ஹூக் மாட்ட முடியவில்லை, பின்னல் போட முடியவில்லை. எலும்புத் தேய்மானம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வலது கை போகிற தூரம் இடது போகவில்லை, இன்னொருவர் திருப்பினாலும் போகவில்லை என்றால் அநேகமாக இது ஃப்ரோசன் ஷோல்டர். எலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை, எக்ஸ்-ரேயும் சாதாரணமாகவே இருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். வலிக்கிற காலம், இறுகுகிற காலம், தளருகிற காலம் என்று ஒன்றிலிருந்து மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும். வலி கடுமையாக இருந்தால் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி நன்றாகக் கேட்கும், ஆனால் சில நாளைக்குச் சர்க்கரை எகிறும், அளந்துகொண்டே இருங்கள். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது இரண்டையும் தினமும் செய்யுங்கள். வலிக்கிறதே என்று கையை மடக்கி வைத்துக்கொண்டே இருந்தால் இறுக்கம் கூடும்.

இடது தோள் என்பதால் ஒரு எச்சரிக்கை. மாடிப்படி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் போகிற வலி, வியர்வையோடும் நெஞ்சு இறுக்கத்தோடும் வரும் வலி, கையை எப்படி அசைத்தாலும் கூடாமல் குறையாமல் இருக்கிற வலி, இதெல்லாம் தோள் சம்பந்தப்பட்டது என்று நினைத்து உட்காராதீர்கள். முதலில் இ.சி.ஜி. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வலி குறைவாகவும் வரும்.

வாசகர், நாகர்கோவில்: சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட் முதுகின் மேல் கையைப் போட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மணிக்கட்டு தொங்குகிறது, தூக்க முடியவில்லை. பக்கவாதமா?

முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கால் சரியாக இருக்கிறது என்றால் பக்கவாதமாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் அதை டாக்டர் சொல்லட்டும், இன்றைக்கே காட்டுங்கள். மேற்கை எலும்பின் பின்பக்கம் ஒரு சாய்வான வாய்க்கால் உண்டு, மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு அதற்குள் எலும்போடு ஒட்டிப் போகிறது. சீட் விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே மணிக்கணக்கில் நசுங்கினால் வேலைநிறுத்தம் செய்துவிடும். குடித்துவிட்டு நாற்காலியில் தூங்குபவர்களுக்கு அதிகம் வருவதால் வெள்ளைக்காரர்கள் இதற்குச் சனிக்கிழமை ராத்திரியின் பெயரை வைத்திருக்கிறார்கள், உங்களைச் சந்தேகப்படவில்லை. பெரும்பாலும் சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசகி, தஞ்சாவூர்: 63 வயது அம்மா பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டு போட்டாகிவிட்டது. வேறு என்ன கவனிக்கவேண்டும்?

மோதிரமும் வளையலும் இன்னும் கையில் இருந்தால் உடனே கழற்றுங்கள், வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். இந்த முறிவை டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் 1814இல் விவரித்தார், எக்ஸ்-ரே கண்டுபிடிக்க இன்னும் 81 வருடம் இருந்த காலம், விரலால் தடவிப் பார்த்தே எழுதினார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு சல்லடையாகிப் போவதால்தான் நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே முறிகிறது. அதனால் மணிக்கட்டு கூடியதும் விஷயம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த தடவை விழுந்தால் முறிவது இடுப்பாக இருக்கும். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், ரத்தத்தில் வைட்டமின் டி, இரண்டும் பார்த்து மருந்து தேவையா என்று கேளுங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடி வையுங்கள்.

கட்டுக்கு வெளியே இருக்கிற விரல், முழங்கை, தோள் மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு கூடி, தோள் இறுகிப்போய் வருகிற பாட்டிகள் ஏராளம். சில வாரம் கழித்துத் திடீரென்று கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை என்றால் அங்கே ஒரு நாண் அறுந்திருக்கலாம், காட்டுங்கள்.

கால்பந்து கோல்கீப்பர், புதுச்சேரி: மூன்று வாரம் முன்பு கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். கட்டைவிரல் பக்கம் இன்னும் வலிக்கிறது.

கட்டைவிரலை விறைப்பாகத் தூக்குங்கள், மணிக்கட்டுப் பக்கம் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும், அந்தக் காலத்தில் மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சிய இடம். அதை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியென்றால் படகு வடிவத்தில் இருக்கிற மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்-ரேயில் அது தெரியாமல் போவது சகஜம், 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கவேண்டும் அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்கவேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து பின்னோக்கிப் போகிறது, அந்த எலும்பின் நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்று செத்துப்போகலாம். இந்த வாரமே போங்கள்.

முதலாமாண்டு எம்.பி.பி.எஸ்., திருநெல்வேலி: வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) காறை எலும்பைக் கையில் கொடுத்து இடதா வலதா என்று கேட்கிறார்கள். பதற்றத்தில் மறந்துவிடுகிறது.

மூன்று விஷயம்தான் தம்பி. தடித்து உருண்ட முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம். நடுவே நீளவாக்கில் பள்ளம் ஓடுகிற முகம் கீழ்ப்பக்கம். உள்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கிப் புடைத்திருக்கும். மூன்றும் பொருந்துகிற மாதிரி உன் நெஞ்சின் மேலேயே வைத்துப் பார், எந்தப் பக்கம் உட்காருகிறதோ அதுதான். சீனியரிடம் எலும்பு செட் வாங்கியிருந்தால் தினமும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகு, புத்தகப் படம் வைவாவில் கைகொடுக்காது.

வாசகர், சேலம்: விரலில் சொடக்கு எடுத்தால் எலும்பு தேயுமா? வீட்டில் திட்டுகிறார்கள்.

தேயாது. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருகிற சத்தம் அது, அதனால்தான் உடனே மறுபடி எடுத்தால் வருவதில்லை. டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க டாக்டர் 50 வருடம் இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையோடு ஒப்பிட்டு, இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். 2009இல் இக் நோபல் பரிசும் வாங்கினார். ஒரே ஒரு ஆள் செய்த சோதனை என்பதை வீட்டில் சொல்லவேண்டியதில்லை. சத்தத்தோடு வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் காட்டுங்கள்.